பெரிய மீனுக்கு ஏற்ற றீல்: தெரிவு செய்தலும் பொருத்துதலும்

வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்து களப்போரங்களில் தங்கியிருக்கும் குடும்பங்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: "வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒரு தூண்டில் றீல் அனுப்பியிருக்கிறான். இதை வைத்துக் கொடுவா பிடிக்கலாமா?" பிடிக்கலாம். ஆனால் றீல் கையில் இருப்பது மட்டும் போதாது. அதைப் பொருத்தும் முறை தெரியாவிட்டால் மீனும் போகும், நூலும் போகும், சில வேளை றீலும் போகும்.

ஒரு களப்போரக் கிராமத்தில் நாங்கள் நேரில் கண்டதைச் சொல்கிறோம். இளைஞர் ஒருவர் புதிய றீலுடன் பாலத்தடியில் நின்றார். நல்ல கொடுவா ஒன்று இரையைக் கவ்வியது. ஒரே ஓட்டம், "டக்" என்று நூல் அறுந்தது. "மலிவான சாமான், ஏமாற்றிவிட்டார்கள்" என்று அவர் சொன்னார். றீலை வாங்கிப் பார்த்தோம். றீலில் ஒரு குறையும் இல்லை. அதன் பிறேக்கை அவர் இறுதிவரை முறுக்கி வைத்திருந்தார். மீன் ஓடுவதற்கு நூல் ஓர் அங்குலமும் விடவில்லை, ஆகவே அறுந்தது.

பெரிய மீன் கிடைப்பதும் போவதும் பெரும்பாலும் கரையில் வைத்தே தீர்மானமாகிவிடுகிறது. முதல் வீச்சுக்கு முன் அரை மணித்தியாலம் ஒதுக்கி றீலைச் சரியாகப் பொருத்தினால், விலை குறைந்த றீலும் வேலை செய்யும். இந்தப் பாடத்தில் அதனைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. இது எந்த றீல்?

கடைகளில் இரண்டு வகை றீல் காணப்படும். ஒன்று தடியின் கீழே தொங்குவது. அதன் உருளை வீசும்போது சுழலாது. நூல் வளையம் வளையமாகக் கழன்று போகும். இது பழகுவதற்கு இலகு. சிறிய மீனுக்கும் பாரம் குறைந்த இரைக்கும் நல்லது.

மற்றது தடியின் மேலே, பெருவிரலுக்குக் கீழே அமர்ந்திருப்பது. இதனைப் பெயிற்காஸ்ரர் என்பார்கள். இதன் உருளை தடிக்குக் குறுக்காகக் கிடந்து, வீசும்போது தானும் சுழலும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜோர்ஜ் சினைடர் என்ற மணிக்கூடு செய்பவர் உருவாக்கிய றீலின் வழிவந்தது இது. மணிக்கூட்டைப் போலவே இதன் உள்ளேயும் பற்சில்லுகள் உண்டு. ஆகவே மணலும் உப்பும் இதற்குப் பகை.

தடித்த நூலைச் சுற்றலாம், நூலைப் பெருவிரலாலேயே அடக்கலாம், மீனை நேராக இழுத்தெடுக்கலாம் என்பவை இதன் நன்மைகள். கண்டல் வேருக்குள் ஓடப் பார்க்கும் கொடுவாவைத் திருப்புவதற்கு இது ஏற்றது. பத்துக் கிராமுக்குக் குறைந்த இரையை இதனால் வீசுவது கடினம் என்பதும், பழகும்வரை நூல் சிக்குப்படும் என்பதும் குறைகள். சிறு மீன் மட்டும் பிடிப்பவருக்கு இந்த றீல் தேவையில்லை. அவருக்குக் கைத்தூண்டிலே போதும்.

2. தெரிவு செய்யும்போது

றீலின் பெயரையும் பளபளப்பையும் பார்க்க வேண்டாம். பின்வரும் ஐந்தையும் பாருங்கள்.

அ) நூல் கொள்ளளவு. றீலின் பக்கத்தில் 14/150 போன்ற எண்கள் இருக்கும். 14 இறாத்தல் தங்கூசி 150 யார் கொள்ளும் என்பது அதன் பொருள். பின்னல் நூல் மெல்லியது. 30 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல் ஏறக்குறைய 8 இறாத்தல் தங்கூசியின் தடிப்பே இருக்கும். ஆகவே அதே றீலில் பின்னல் நூல் கூடுதலாகக் கொள்ளும். களப்புக் கொடுவாவுக்கு 30 இறாத்தல் பின்னல் நூல் 100 முதல் 150 மீற்றர்வரை போதும்.

ஆ) பற்சில்லு விகிதம். 5:1 என்றால் கைபிடி ஒரு முறை சுற்ற உருளை ஐந்து முறை சுற்றும். லான்ட்மாஸ்ரர் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சேற்றில் உழும்போது தாழ்ந்த கியர், வீதியில் போகும்போது உயர்ந்த கியர். அதுபோல 5:1 இழுவைக்கு நல்லது. 7:1 வேகத்துக்கு நல்லது. இரண்டுக்கும் இடையில் 6:1 அளவில் எடுத்தால் கொடுவாவுக்குப் பொருந்தும்.

இ) இழுவைப் பிறேக். கைபிடியின் அடியில் நட்சத்திர வடிவத்தில் இருக்கும் திருகியே இதனை இயக்குகிறது. நூலைக் கையால் இழுத்துப் பாருங்கள். விட்டு விட்டுத் துள்ளி வந்தால் அந்த றீல் வேண்டாம். ஒரே சீராக, வழுக்கிக்கொண்டு வரவேண்டும்.

ஈ) சட்டகம். உருளையைத் தாங்கும் சட்டகம் உலோகமாக இருந்தால் நல்லது. பிளாஸ்ரிக் சட்டகம் பெரிய மீனின் இழுவையில் வளையும். பற்சில்லுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் தேயும்.

உ) கைபிடி எந்தப் பக்கம். இந்த றீலில் கைபிடியைப் பக்கம் மாற்றிப் பூட்ட முடியாது. வலக்கைச் சுற்று, இடக்கைச் சுற்று என்று வேறு வேறாக விற்கிறார்கள். உறவினர் அனுப்புவதானால் இதை முன்கூட்டியே அவருக்கு எழுதிவிடுங்கள்.

பழைய றீல் வாங்குவோர் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். உருளையைச் சுண்டிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரப்புக் கேட்டால் உள்ளே உப்பு ஏறியிருக்கிறது. கைபிடியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் உள்ளே தேய்ந்திருக்கிறது. சுற்றும்போது நூலைப் பரப்பும் சிறு வளையம் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை தடையின்றிப் போய் வருகிறதா என்று பாருங்கள். அந்த வளையத்தில் நூல் அறுத்த கோடு இருந்தால் உங்கள் நூலும் அதில் அறுபடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். றீல் வாங்குவதற்காகக் கடன்பட வேண்டாம். நகையை அடகு வைக்க வேண்டாம். கொடுவா தினமும் கிடைக்கும் மீன் அல்ல. கறிக்கு உதவும், கிடைத்தால் விற்றுச் சிறு வருமானமும் தரும். அதற்கு மேல் கணக்குப் போடக்கூடாது. மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். அப்படியானால் கழுவி எண்ணெய் இடும் பொறுப்பை ஒருவரிடமே கொடுங்கள்.

3. நூல் சுற்றுதல்

பின்னல் நூலை வெறும் உருளையில் நேரே கட்டினால் அது உருளையைச் சுற்றி வழுக்கும். நீங்கள் கைபிடியைச் சுற்றுவீர்கள், மீன் வராது. ஆகவே முதலில் நாலைந்து மீற்றர் தங்கூசியை உருளையில் கட்டிச் சுற்றுங்கள். அதன் நுனியில் பின்னல் நூலை இணையுங்கள்.

நூல் கட்டைக்குள் ஒரு பென்சிலைச் செருகி இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நூலை ஈரத்துணிக்குள்ளால் விட்டு இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய நூல், மீன் இழுக்கும்போது கீழ்ச்சுற்றுக்குள் புதைந்துவிடும். உருளையின் விளிம்புக்கு மூன்று மில்லிமீற்றர் கீழே நிறுத்துங்கள். நிரம்பி வழிந்தால் சிக்குப்படும். குறைந்தால் தூரம் போகாது.

பின்னல் நூலின் நுனியில் ஒன்றரை மீற்றர் அளவு தடித்த தங்கூசி கட்ட வேண்டும். இதனை முன்நூல் என்போம். கொடுவாவின் வாய் அரத்தைப் போல உராயும். அதன் செவுள் மூடியின் ஓரம் கத்தியைப் போல வெட்டும். ஆகவே முன்நூல் 40 முதல் 60 இறாத்தல்வரை இருக்கட்டும்.

தூண்டிலைக் கட்டும் முறை: முன்நூலின் நுனியைத் தூண்டிலின் கண்ணுக்குள் விட்டு ஒரு சாண் அளவு வெளியே எடுங்கள். நுனியைத் திருப்பி ஒரு வளையம் ஆக்குங்கள். அந்த வளையத்துக்குள்ளால், இரண்டு நூலையும் சேர்த்து ஐந்து முறை சுற்றுங்கள். எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் சூடேறித் தங்கூசி பலம் இழக்கும். இரண்டு நூல்களை இணைப்பதற்கும் இதே முடிச்சை எதிரெதிராக இரண்டு போட்டு ஒன்றையொன்று முட்டும்வரை இழுக்கலாம். பின்னல் நூல் பக்கத்தில் எட்டுச் சுற்றுப் போடுங்கள். அது வழுக்கும் நூல்.

4. இரண்டு பிறேக்குகள்

பலரும் குழம்பும் இடம் இதுதான். இந்த றீலில் இரண்டு வேறு பிறேக்குகள் உண்டு. ஒன்று வீசும்போது உருளையை அடக்குவது. மற்றது மீன் ஓடும்போது அதனை அடக்குவது. ஒன்றைத் திருக வேண்டிய இடத்தில் மற்றதைத் திருகக்கூடாது.

வீச்சுப் பிறேக்: கைபிடிப் பக்கத்தில் ஒரு சிறு திருகி உருளையின் அச்சை நெருக்கும். இரையைக் கட்டித் தடியை நேராக நீட்டுங்கள். பெருவிரலை உருளையில் வைத்துக்கொண்டு, லான்ட்மாஸ்ரரின் கிளச்சை விடுவது போல உருளையை விடுவிக்கும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு விரலை எடுங்கள். இரை மெதுவாக இறங்க வேண்டும். அது நிலத்தில் பட்டதும் உருளையும் நிற்க வேண்டும். இரை பட்ட பின்பும் உருளை சுழன்றுகொண்டிருந்தால் திருகியைச் சற்று இறுக்குங்கள். இரை இறங்கவே இல்லையென்றால் சற்றுத் தளர்த்துங்கள். இரையின் பாரம் மாறும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

மறுபக்கத்தில் எண்களுடன் ஒரு சக்கரம் இருந்தால் அது காந்தப் பிறேக். பழகும்போது அதனைக் கூடிய எண்ணில் வையுங்கள். கை பழகப் பழக ஒவ்வொன்றாகக் குறையுங்கள். எதிர்காற்றில் வீசும்போது மீண்டும் கூட்டுங்கள்.

இழுவைப் பிறேக்: நூல் தாங்கும் பாரத்தில் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்குக்குள் இது விட வேண்டும். 30 இறாத்தல் என்பது 13.6 கிலோ. ஆகவே ஏறக்குறைய நாலு கிலோ இழுவையில் நூல் விடத் தொடங்க வேண்டும். இதை அளக்க வில்தராசு தேவையில்லை. ஒரு பிளாஸ்ரிக் கானில் நாலு லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். அது நாலு கிலோ. நூலைக் கானில் கட்டி, உயரமான இடத்தில் நின்று, தடியின் நுனியைக் கானை நோக்கிக் கீழே பிடித்துத் தூக்குங்கள். கான் மெல்ல மெல்ல இறங்க வேண்டும். இறங்காமல் தொங்கினால் நட்சத்திரத் திருகியைத் தளர்த்துங்கள். வேகமாக விழுந்தால் இறுக்குங்கள்.

முரட்டு நாம்பனைக் கயிற்றில் பிடித்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். கயிற்றை மரத்தில் கட்டி நின்றால் கயிறு அறும் அல்லது மூக்கு கிழியும். சற்று விட்டு, சற்று இழுத்து, களைக்க வைத்துத்தான் பிடிப்போம். பாலத்தடி இளைஞர் மறந்தது இதைத்தான்.

நன்னீர்க் குளத்தில் விரால் பிடிப்போருக்கு ஒரு விதிவிலக்கு. தாமரையும் பாசியும் அடர்ந்த இடத்தில் விராலை ஓடவிட்டால் அது தண்டுகளுக்குள் சுற்றிக்கொள்ளும். அங்கே 40 அல்லது 50 இறாத்தல் நூல் போட்டு, பிறேக்கையும் கூடுதலாக இறுக்கி, உடனே இழுத்தெடுக்க வேண்டும்.

5. வீசிப் பழகுதல்

முதல் நாளே தண்ணீருக்குப் போக வேண்டாம். வெட்டவெளியில், தூண்டில் இல்லாமல், இருபது கிராம் அளவான ஈயக்குண்டைக் கட்டிப் பழகுங்கள். பதினைந்து மீற்றர் தூரத்தில் ஒரு சாக்கை விரித்து அதில் விழுத்தப் பாருங்கள். பெருவிரல் உருளையின் மேல் இலேசாகப் பட்டுக்கொண்டே இருக்கட்டும். குண்டு நிலத்தில் படுவதற்குச் சற்று முன் விரலை அழுத்தி உருளையை நிறுத்துங்கள்.

சிக்கு ஏன் வருகிறது? குண்டு பறக்கும் வேகம் குறைகிறது. உருளை மட்டும் முன்னைய வேகத்தில் சுழல்கிறது. வெளியே போக இடமில்லாத நூல் உருளையிலேயே குவிகிறது. சிக்குப்பட்டால் கத்தியை எடுக்க வேண்டாம். பெருவிரலால் உருளையை அழுத்திக்கொண்டு கைபிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். பிறகு உருளையை விடுவித்து நூலை மெதுவாக இழுங்கள். பல சிக்குகள் இப்படியே கழன்றுவிடும். ஓடும் பின்னல் நூலை வெறும் விரலால் பிடிக்கக்கூடாது, சதையை வெட்டிவிடும்.

6. கொடுவாவுக்கு முன்னால்

கொடுவா துரத்தித் திரிவதை விட மறைந்திருந்து பாய்வதையே விரும்பும் மீன். கண்டல் வேர், பாலத் தூண், விழுந்த மரம், வாய்க்கால் களப்பில் சேரும் இடம், நீரோட்டமுள்ள முகத்துவாரம் ஆகியன அதன் இருப்பிடங்கள். விடியலும் அந்தியும் நல்ல நேரம். உயிருள்ள சிறு மணலை மீனோ இறாலோ நல்ல இரை.

வட்டமாக வளைந்த தூண்டில் பாவித்தால் மீன் கவ்வியதும் வெட்டி இழுக்க வேண்டாம். நூல் இறுகும்வரை சுற்றினால் போதும். தூண்டில் வாயோரத்தில் தானாக மாட்டும். விட வேண்டிய மீனுக்கும் இதனால் சேதம் குறைவு. மீன் ஓடும்போது கைபிடியைச் சுற்றாதீர்கள்; தடியை உயர்த்திப் பிடித்து ஓடவிடுங்கள். நின்றதும் தடியைத் தாழ்த்திக்கொண்டே சுற்றுங்கள், பின் உயர்த்துங்கள். மீன் மேலே துள்ளும்போது தடியைத் தாழ்த்துங்கள். ஓட்டத்தின் நடுவில் நட்சத்திரத் திருகியை இறுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

முதலை உள்ள குளத்திலும் களப்பிலும் இடுப்பளவு நீரில் இறங்கி நிற்க வேண்டாம். மீனை நீரோரத்தில் வைத்து வெட்டவும் வேண்டாம். இடி முழங்கினால் தடியைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுங்கள். கார்பன் தடி மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே வீசவும் கூடாது.

7. பராமரிப்பு

உப்புநீரில் பாவித்த அன்றே கழுவ வேண்டும். முதலில் இழுவைப் பிறேக்கை இறுக்குங்கள், உள்ளே நீர் போகாமலிருக்க. நன்னீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுங்கள். குழாய் நீரை வேகமாக அடிக்கக்கூடாது. துடைத்து நிழலில் காயவிட்டுப் பிறேக்கை முற்றாகத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடி வைத்தால் உள்ளிருக்கும் வட்டுகள் ஒட்டிக்கொள்ளும்.

உருளை அச்சின் இரு நுனியிலும், நூல் பரப்பியின் மரைத்தண்டிலும் தையல் இயந்திர எண்ணெய் ஒவ்வொரு துளி போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாட்பட்டுப் பிசினாகும். இழுவைப் பிறேக்கின் வட்டுகளில் எண்ணெய் விடவே கூடாது.

8. எதைக் கொண்டுபோவது, எதை விடுவது

கொடுவா பெரும்பாலும் ஆணாகவே முதிர்ச்சியடைந்து, பல ஆண்டு வளர்ந்த பின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே ஒரு மீற்றர் நீளமான கொடுவா என்றால் அது பெரும்பாலும் முட்டையிடும் தாய்மீன். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் 120 சென்ரிமீற்றருக்குக் கூடியதையும் பிடித்து வைத்திருக்கச் சட்டம் விடுவதில்லை. காரணம் இதுவே. நடுத்தர மீனை எடுத்துக்கொண்டு மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் விடுவது விதைநெல்லைக் குத்தித் தின்னாமல் வைப்பதற்கு ஒப்பாகும். விராலும் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் மீன். நீர்மட்டத்தில் குஞ்சுகள் திரளாக மேயக் கண்டால் அந்த இடத்தில் தூண்டில் போடாதீர்கள். தாய் தகப்பன் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

இன்னொன்று. நாம் வந்து தங்கியிருக்கும் கரையில் நமக்கு முன்பே மீன்பிடித்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். நமது வயல் வாய்க்காலை ஒருவர் கேளாமல் திருப்பினால் நமக்கு எப்படியிருக்கும்? முதலில் அவ்விடத்து மீனவர் சங்கத்திடம் போய்க் கேளுங்கள். அவர்கள் வலை கட்டும் இடத்தையும் நேரத்தையும் அறிந்து ஒதுங்கி நில்லுங்கள். அனுமதிப்பத்திரம் தேவையா என்பதையும் கடற்றொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன்பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் தடை செய்கிறது. யார் அழைத்தாலும் அதற்குப் போக வேண்டாம்.

பாலத்தடி இளைஞரின் றீலின் திருகியைத் தளர்த்தி, தண்ணீர்க் கானைக் கட்டிக் காட்டிவிட்டு வந்தோம். கான் மெல்ல இறங்குவதை அவர் இரண்டு மூன்று முறை தானே தூக்கிப் பார்த்தார். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு தண்ணீருக்குப் போகலாம்.

கூடிப் பேசுவதற்குச் சில வினாக்கள்

1. வீச்சுப் பிறேக்குக்கும் இழுவைப் பிறேக்குக்கும் உள்ள வேறுபாடு என்ன? எதை எப்போது திருக வேண்டும்?
2. 20 இறாத்தல் தாங்கும் நூலுக்குக் கானில் எத்தனை லீற்றர் தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும்?
3. உங்கள் முகாமில் அல்லது கிராமத்தில் றீல் ஒன்றைப் பல குடும்பங்கள் பகிர்வதானால், முறை வைப்பதும் பராமரிப்பதும் யார் பொறுப்பு?
4. நீங்கள் தூண்டில் போட நினைக்கும் கரையில் தொழில் செய்வோர் யார்? அவர்களிடம் யார் போய்ப் பேசுவது?